தவிட்டுப் பேரம்

சங்கரன்கோவில்
8-2-1954

அன்புள்ள மதினிக்கு ஆறுமுகத்தாய் எழுதுவது.

பொங்கலுக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போனவள் முதலில் கடிதம் எழுத மாட்டாள் என்று அண்ணனிடம் சொல்லியிருப்பீர்கள். எழுதிவிட்டேன். ரோஷத்தோடு இருப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது, மதினி.

இங்கே வேலையில் சேர்ந்தாயிற்று. கோவிலுக்குத் தெற்கே ஒரு வீட்டின் முன்னறையில் இருக்கிறேன். என்ன வேலை என்று அண்ணன் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு மருந்து இலவசம். இருந்தும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் சீக்காய்ப் படுக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் அங்கே வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டணத்து ஆபீசுக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வருஷ ஆராய்ச்சி. எங்களுக்கு மேலே ஜெயசிங் என்று ஒரு டாக்டர். நாசரேத்துப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர், ஆனால் காலையிலேயே சாயங்காலத்து முகத்தோடு வருவார்.

ஹெல்த் விசிட்டருக்குப் படித்தவள் பிரசவம் பார்ப்பாள், பால் புகட்டச் சொல்லிக் கொடுப்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். இங்கே கேள்வி கேட்பது மட்டும்தான். பிள்ளைகள் எத்தனை, போன மாதம் யாருக்கு என்ன சீக்கு, யார் தூக்கிக்கொண்டு எங்கே போனீர்கள். ஒரு தெரு முடிவதற்குள் என் குரலே எனக்குச் சலித்துவிடுகிறது.

சண்டைக்கு வருகிறேன். நான் சொன்ன விஷயம் தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்பு. ‘தவிட்டுக்கு வாங்கினதுதானே, தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது’ என்று அண்ணன் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் மதினி, நாம் பேசிக்கொண்டதும் அதுதானே? இரண்டு ஆண்பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள், மூன்றாவதைத் தன்னுடையது என்று சொல்லக் கூடாது என்றார்கள். பிறந்த பெண்ணைக் குப்பைமேட்டில் உருட்டி, குப்பம்மா என்று பெயர் வைத்து, ஒரு முறம் தவிட்டுக்கு உங்களிடம் விற்றேன். ஐந்து வயது முடிந்து வரும் ஆடித்தபசில் கோமதியம்மன் சந்நிதியில் தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்வது. அதுவரைக்கும் நான் அவளுக்கு அத்தை. நல்ல நாளில் வந்து பார்க்கலாம். அவள் சீக்கென்று படுத்தால் மட்டும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் பேரம் முறிந்துவிடும். எல்லாம் அப்படியே நடந்திருக்கிறது. இந்த ஆடியில் அவளுக்கு ஐந்து முடிகிறது. அவளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். வேறென்ன கேட்டேன்?

அவர் போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். குப்பு என்ன செய்கிறாள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஆறுமுகத்தாய்

---

தூத்துக்குடி
20-2-1954

ஏட்டி ஆறுமுகம்,

உன் கடிதம் வந்தது. உன் அண்ணன் உப்பளத்து ஆபீசுக்குப் போகிற அவசரத்திலும் நின்று வாசித்துவிட்டு, ‘எழுதிட்டா பாத்தியா’ என்று எனக்கு ஜெயித்துக் காட்டுகிற மாதிரி சொன்னார். அவருக்கு உன் மேலும் கோபம் கிடையாது, என் மேலும் கிடையாது. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். பெறாத மனத்துக்கு ஒரு பழமொழி சொல்லிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் நான் என் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு முறம் தவிட்டை அன்றைக்கே உன் வீட்டு மாடு தின்றுவிட்டது. பிள்ளைக்குக் கக்குவான் வந்து மூச்சு இழுத்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். மணல்வாரி போட்டபோது வேப்பிலையால் தடவிக் கொடுத்தவள் நான். அம்மை குத்த வந்தவனைக் கண்டு அவள் ஓடிப்போய் எந்த அடுக்குப்பானைக்குப் பின்னால் ஒளிந்தாள் என்று எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் நீ மெட்ராஸில், ஊரார் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று படித்துக்கொண்டிருந்தாய். குற்றம் சொல்லவில்லை. தாலியறுத்த வயதில் ஒரு படிப்பு வேண்டும் என்று உன்னை அனுப்பியதே நானும் சேர்ந்துதான். நடந்தது இது என்று சொல்கிறேன்.

உன் ஆபீசிலிருந்து ஒருத்தி இந்தத் தெருவுக்கு வந்து, ‘அம்மா உங்களுக்கு எத்தனை பிள்ளை’ என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? நீயே எழுது.

குப்பு சுகம். முன்பல் ஒன்று ஆடுகிறது. இவ்வளவு சீக்கிரம் ஆடுமா என்று கேட்டதற்கு உன் அண்ணன், அவளுக்கு எல்லாவற்றிலும் அவசரம், அவள் அத்தை மாதிரி என்கிறார்.

கோமதித்தாய்

---

சங்கரன்கோவில்
19-3-1954

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதே கேள்வியைத் தினமும் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன், இருந்தும் தெரியவில்லை.

இந்த மாதம் குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கம். மழையை நம்பின கரிசல். பருத்தி எடுத்து முடிந்து காடெல்லாம் மொட்டையாகக் கிடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் பிறகு நடைதான். செருப்புக்குள் மண் புகுந்து சுட்டு, சாயங்காலம் பாதத்தைத் தண்ணீரில் வைத்தால் வேறு யாருடைய கால் மாதிரியோ இருக்கிறது. போகிற வீட்டிலெல்லாம் மோர் தருகிறார்கள். பதில்தான் தர மாட்டேன் என்கிறார்கள். பிள்ளையை எண்ணிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்கிறாள் ஒருத்தி. ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், ‘புத்துமண்ணு பூசினோம், சரியாயிட்டு’ என்கிறாள் இன்னொருத்தி. சரியாகாவிட்டால் என்று நான் கேட்பதற்குள் அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுகிறாள்.

ஒரு ஊரில் மாடத்தி என்று ஒருத்தி. ஆடு மேய்க்கிற குடும்பம். பிள்ளை எத்தனை என்றேன். ‘எனக்கு எங்கன பிள்ளை? ரெண்டு பெத்தேன், ரெண்டும் தங்கல’ என்றாள். அவள் முற்றத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன் ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மூக்கும் முழியும் அவளேதான். ‘இது யாரு?’ என்றேன். ‘பக்கத்து வீட்டு இசக்கியம்மா பய. பிச்சைன்னு பேரு’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் இசக்கியம்மாளைக் கேட்டேன். தன் பிள்ளைகள் நால்வரையும் பெயர் சொல்லி எழுதச் சொன்னாள். பிச்சையைக் கேட்டதற்கு, ‘அவன எழுதாதிய தாயீ. அவன் எங்க வீட்டுலயும் திம்பான், அங்கனயும் திம்பான். அவன என் கணக்குல எழுதப்பிடாது’ என்றாள்.

என்ன விஷயம் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது, மதினி. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனால் டாக்டரிடம் சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் அவன் பெயர் இல்லையே என்று மட்டும் சொன்னேன். ‘சொன்னத எழுதும்மா. நாமளா யோசிச்சு எழுதினா அது ஆராய்ச்சியா?’ என்றார். சொன்னதையே எழுதினேன். ஓடியாடுகிற ஒரு பிள்ளை எங்கள் காகிதத்தில் எந்த வீட்டிலும் இல்லை. இப்படி இன்னும் எத்தனை பேரோ. சாகக் கொடுத்த வீடுகளில்தான் இப்படி விற்கிறார்கள். எந்தப் பிள்ளைகளைப் பற்றி முதலில் தெரிய வேண்டுமோ அந்தப் பிள்ளைகள்தான் விட்டுப்போகிறார்கள்.

‘உமக்கு எப்படித் தெரியும்’ என்று டாக்டர் கேட்டால் நான் என்ன சொல்வது? வேலைக்கு மனுப் போட்டபோது குழந்தைகள் இல்லை என்றுதான் எழுதினேன். ஐந்து முடிகிறவரை அப்படித்தானே சொல்ல வேண்டும்.

ஆறுமுகத்தாய்

---

தூத்துக்குடி
11-4-1954

ஏட்டி ஆறுமுகம்,

உன் கடிதத்தை உன் அண்ணன் சத்தமாக வாசிக்கும்போது குப்பு மடியில் இருந்தாள். அதிலிருந்து வீட்டில் ஒரே ஆராய்ச்சிதான். அடுப்புக்கரியையும் ஒரு ஓலைத்துண்டையும் எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டுக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டு, ‘ஏ கோழி, ஒனக்கு எத்தன பிள்ளை? ஆசுபத்திரிக்கு ஏன் வரல?’ என்று அதட்டுகிறாள். கோழி சிறகை விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டது. ‘அம்மா, இது பொய் சொல்லுது’ என்று என்னிடம் வந்து புகார். நீ போகிற ஊர்களிலும் இதுதான் நடக்கிறது போல.

நீ இளைத்துவிட்டதாக எழுத்திலேயே தெரிகிறது. அங்கே சமைத்துச் சாப்பிடுகிறாயா, மோரைக் குடித்தே காலம் தள்ளுகிறாயா? எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு பரணி போட்டு வைத்திருக்கிறேன். புளியங்குடிக் காய்தான், உன் அண்ணனின் சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்தார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ காலையில் பஸ் ஏறிப் பொழுது சாயும்போது வருகிறாய். அந்த முன்னறையில் அவள் யாரோடு இருப்பாள்? பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யார் சோறு போடுவார்கள்? இந்த ஆடி வேண்டாம், அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்வோம். அம்மன் எங்கேயும் போய்விட மாட்டாள். ஒரு வருஷம். அதற்குள் உன் ஆராய்ச்சியும் முடிந்துவிடும்.

எனக்காகவும்தான் கேட்கிறேன். மறைக்கவில்லை.

கோமதித்தாய்

---

சங்கரன்கோவில்
23-5-1954

அன்புள்ள மதினிக்கு,

பிச்சை செத்துப்போனான். மாடத்தியின் பிள்ளை. எழுதினேனே, ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்தவன்.

கோடையில் கிணறுகள் கீழே போய்விட்டன. கலங்கல் தண்ணீரைக் குடித்துப் பேதி. குளூக்கோஸும் உப்புத் தண்ணீரும் ஏற்றினால் பிழைத்துக்கொள்கிற சீக்கு, மதினி. ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியிலேயே வந்து சேர்ந்துவிடலாம். யாரும் கொண்டுவரவில்லை. நான் அந்த ஊருக்குப் போனபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மாடத்தி தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. அவன் இசக்கியம்மாள் வீட்டில்தான் கிடந்திருக்கிறான். இவள் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றிருக்கிறாள்.

‘ஏன் போகல?’ என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்கு ஏன் போகவில்லை என்ற கேள்வி எங்கள் தாளில் இல்லை.

‘நான் போயி நின்னா அவன் எம் பிள்ளைன்னு தெரிஞ்சிருமே’ என்றாள்.

‘யாருக்குத் தெரியும்?’

‘அதுக்கு’ என்றாள். அதற்குப் பெயர் சொல்லவில்லை.

இசக்கியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ‘வண்டி கெட்டச் சொல்லிட்டேன் தாயீ. அங்கன போனா தாய் யாருன்னு கேப்பாவளே. எம் பேரச் சொல்லி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா அவ மொகத்துல எப்படி முழிப்பேன்? அவ வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்னு காத்துக் கெடந்தேன்.’ மாடத்தியின் வார்த்தைக்கு அவள் காத்திருந்தாள். வார்த்தை சொன்னால் பிள்ளை போய்விடுவானென்று இவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு டாக்டரிடம் தவிட்டு விஷயத்தைச் சொன்னேன், என்னைப் பற்றி அல்ல, அந்த ஊர் வழக்கமாக. அவர் மோரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தபடி சொன்னார்: ‘நாம தப்பாக் கேட்டுட்டு வாரோம்மா. பிள்ளை யாருதுன்னு கேட்டாத்தான இந்த வில்லங்கம்? நேத்து ராத்திரி இந்த வீட்டுல சோறு தின்ன பிள்ளைய யாரு யாருன்னு கேளும். அதுல யாரும் பொய் சொல்ல மாட்டா.’ அலுப்பில் சொன்ன மாதிரிதான் இருந்தது. மறுநாளிலிருந்து அப்படித்தான் கேட்கிறோம். விட்டுப்போன பிள்ளைகளெல்லாம் காகிதத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

மதினி, அடுத்த ஆடி என்று எழுதியிருந்தீர்கள். முடியாது. இரண்டு வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வீடும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவளுக்குத் தாய் ஒருத்திதான் இருக்க வேண்டும், அது பெற்றவளாக இருக்கட்டும். நீங்கள் வளர்த்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றவள் இல்லை. இனி அவள் விஷயத்தில் எதுவானாலும் என்னைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இந்த ஆடித்தபசுக்கு அவளை அழைத்து வாருங்கள். தவிடு சொல்லி வைத்துவிட்டேன்.

ஆறுமுகத்தாய்

---

தூத்துக்குடி
14-6-1954

ஆறுமுகம்,

என்னைக் கேட்காமல் எதுவும் செய்யாதே என்று எழுதினாய். கேட்கிறேன்.

குப்புவுக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சல். தொண்டை வலிக்கிறது என்கிறாள். இன்றைக்குக் காலையில் வெயிலில் வைத்து வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஆடை படிந்த மாதிரி இருக்கிறது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருக்கிறது. தெருக்கோடி டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டை அடைப்பான் என்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட வேண்டுமாம். மூச்சு அடைத்தால் தொண்டையில் துளை போடுவார்களாம். அதற்குத் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

உன் அண்ணன் உப்பு விஷயமாக வேதாரண்யம் போயிருக்கிறார். நான் ஒருத்திதான் இருக்கிறேன். தாய் பெயர் கேட்டால் யார் பெயரைச் சொல்ல? உன் பெயரைச் சொன்னால் பேரம் போச்சு. என் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நீயே எழுதிவிட்டாய்.

தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ் வரைக்கும் போனேன். தந்தியைக் கண்டால் நீ போட்டது போட்டபடி ஓடி வருவாய். நீ வரக் கூடாது. வந்து அவள் தலைமாட்டில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். பார்த்ததும் பதில் போடு.

கோமதித்தாய்

---

தந்தி
கோவில்பட்டி, 16-6-1954

கோமதித்தாய், தூத்துக்குடி. நீங்கள்தான் தாய். உடனே ஆஸ்பத்திரி. கையெழுத்துப் போடுங்கள். நான் வரவில்லை. ஆறுமுகத்தாய்.

---

சங்கரன்கோவில்
27-6-1954

அன்புள்ள மதினிக்கு,

அபாயம் நீங்கிவிட்டது என்று அண்ணன் கார்டு போட்டிருந்தார். துளை போடாமல் ஊசியிலேயே ஆடை விட்டுவிட்டதாமே. அந்தக் கார்டை டாக்டரிடம் காட்டினேன். ‘யாரும்மா இது?’ என்றார். ‘என் மகள்’ என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் பயந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

தந்தி ஏன் கோவில்பட்டியிலிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். உங்கள் கடிதம் கைக்கு வந்ததும் கழுகுமலை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். ரயிலைப் பிடித்து வந்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றது. பெட்டிக் கம்பியைப் பிடித்தேன். கால் ஏறவில்லை.

நான் படித்தவள், மதினி. தொண்டை அடைப்பானுக்கு எது மருந்து, எத்தனை சீக்கிரம் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். பேரமாவது முறிவதாவது என்று பத்து ஊரில் பேசுகிறவள். ஆனால் அந்தக் கம்பியைப் பிடித்தபோது, நான் போய் நின்றால் அதுக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணம்தான் வந்தது. ஏற்கெனவே இரண்டைத் தேடி வந்தது அது. வண்டி போய்விட்டது. அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தந்தி அடிக்க வேண்டும் என்ற புத்தி வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மாடத்தியிடம் போய் ‘ஏன் போகல’ என்று கேட்டவள் நான். இனி அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க மாட்டேன்.

‘பெற்றவள் இல்லை’ என்று எழுதினதும் நான்தான். அப்படி எழுதாமல் இருந்திருந்தால், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். என் எழுத்துத்தான் உங்கள் காலைக் கட்டிப்போட்டது. இசக்கியம்மாள் மாடத்தியின் வார்த்தைக்குக் காத்திருந்த மாதிரி உங்களையும் காக்க வைத்தேன்.

இங்கே ஆஸ்பத்திரிச் சீட்டில் தாய் பெயர் என்று இருந்த இடத்தில் ‘பிள்ளையைக் கொண்டுவந்தவர்’ என்று டாக்டர் தன் கையாலேயே மாற்றி எழுதி வைத்திருக்கிறார். பட்டணத்திலிருந்து, நடு வருஷத்தில் எதையும் மாற்றக் கூடாது என்று காகிதம் வந்தது. அதை மடித்து மேஜை ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் வைத்துவிட்டார். போன வாரம் இசக்கியம்மாள் வேறு யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

நேற்று ராத்திரி இந்த வீட்டில் சோறு தின்ற பிள்ளை யார் யார்? தினமும் கேட்கிறேன். என் வீட்டில் வந்து யாராவது கேட்டால் யாரும் இல்லை என்பதுதான் பதில். உங்கள் வீட்டில் கேட்டால் குப்பம்மா. இதற்கு மேல் வழக்காட எனக்குத் தெம்பில்லை. ஆடித்தபசுக்கு வர வேண்டாம், மதினி. அடுத்த ஆடிக்கும் வேண்டாம். அவள் உங்களுடையவள். நான் அத்தையாகவே இருந்துகொள்கிறேன்.

ஆறுமுகத்தாய்

---

தூத்துக்குடி
25-7-1954

ஏட்டி ஆறுமுகம்,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. பிள்ளையை எழுந்து நடக்கவிடக் கூடாது, இருதயத்துக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவளைப் படுக்கையில் வைத்திருப்பது, ஓணானைப் பெட்டிக்குள் வைத்திருக்கிற பாடு. இப்போது நடக்கலாம் என்றுவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் நீ வீணாக உன்னை நொந்துகொள்ள வேண்டாம். உன் தந்திக்காக நான் காத்திருக்கவில்லை. கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது. உன் எழுத்து, பேரம், எல்லாம் மறந்துபோயிற்று. ஜட்கா பிடித்து நேரே ஆஸ்பத்திரி. தாய் யார் என்றாள் நர்ஸம்மா. ‘நாந்தான்’ என்றேன். கையெழுத்துப் போட்டேன். உன் தந்தி வந்தபோது ஊசி போட்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மா என்னென்னவோ கேட்டாள். கக்குவான் எப்போது வந்தது, அம்மை குத்தியிருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. ஒன்று விடாமல் சொன்னேன். ‘பெத்தவளுக்குத்தான் இவ்வளவும் ஞாபகம் இருக்கும்’ என்றாள். நான் மறுக்கவில்லை. ஐந்து வருஷமாக யாராவது அவளை என் மகள் என்று சொன்னால் திருடினவள் மாதிரி ஒரு கூச்சம் வரும். அன்றைக்கு வரவில்லை. அது ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது. அதை யாரும் மீட்டுக்கொண்டு போக முடியாது.

உன் கடைசிக் கடிதத்தை நானே வாசித்தேன், உன் அண்ணனிடம் கொடுக்கவில்லை. ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிள்ளை மூச்சுத் திணறும்போது தூக்கிக்கொண்டு ஓடுவது பெரிய காரியம் இல்லை, ஆறுமுகம். கால் தானாக ஓடும். ஓடாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயே, அது என்னால் முடியாது. பெறாதவள் என்று நீ எழுதினது எனக்கு வலித்தது. பெற்றவள் படுகிற பாடு என்ன என்பது அந்தப் பெஞ்சைப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஆடித்தபசுக்கு வருகிறோம். தவிடு சொல்லி வைத்திருந்தாயே, அது கிடக்கட்டும், அம்மனுக்கு முன்னால் ஒரு பிடி போதும்.

தபசுக் காட்சி பார்க்கிற வரைக்கும் நான் நிற்க மாட்டேன். பகல் பூஜை முடிந்ததும் பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் கோவில்பட்டி வழியாகத் திரும்பிவிடுவேன். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நீ சொல்வாய். சொல்லாதே. அன்று ராத்திரி அவள் உன் வீட்டில் சோறு தின்ன வேண்டும். நான் பக்கத்தில் இருந்தால் என் கையால்தான் வாங்குவாள். மறுநாள் யாராவது வந்து கேட்டால் உன் பதிலில் குழப்பம் இருக்கக் கூடாது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ‘அம்மா எங்க’ என்று கேட்பாள். உப்பளத்தில் மாமாவுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள் என்று சொல். மாமா என்றா சொல்வது? உன் அண்ணன் இனி அவளுக்கு மாமாதானே. நான் யார் என்று நீயே யோசித்து ஏதாவது சொல்லிக்கொடு, எனக்கு ஓடவில்லை. கொஞ்ச நாளைக்கு அழுவாள். அப்புறம் கோழி வேண்டும் என்பாள், வாங்கிக் கொடு.

இந்தத் தெருவுக்கு உன் ஆபீசிலிருந்து யாராவது வந்தால், இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். முன்னே வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகினதுதான்.

தொண்டை இன்னும் புண்ணாகத்தான் இருக்கிறது. காரம் கூடாது, ஊறுகாயைக் கண்ணில் காட்டாதே. சோற்றைக் குழைய வடித்து, மோர் விட்டுப் பிசைந்து, சின்ன உருண்டையாகக் கொடு. இடது கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தால் இறங்கும்.

கோமதித்தாய்